ஈ கொண்டு வந்தவள்

ஜூலை மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து லிசி பொன்மலைப்பட்டி வீட்டுக்கு வந்தபோது கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு ஒரு காகிதப் பையும் இருந்தது. லிசி வாராவாரம் வருகிறவள்தான். அக்காள் லூர்துமேரி செத்து நாலு வருஷம் ஆகியும் அந்த வரத்து நிற்கவில்லை. அக்காள் புருஷன் மார்ட்டின் டோரதியை மறுகல்யாணம் செய்துகொண்ட பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வந்ததும் நேரே அக்காளின் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொள்வாள். பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை டோரதிக்கு முதுகிலேயே தெரியும்.

"பாப்பா, நீ கேட்டியே, கிடைச்சிருச்சு" என்று லிசி பையிலிருந்து ஒரு எலுமிச்சைக் குச்சியை எடுத்தாள். குச்சியைக் கவ்விக்கொண்டு, காய்ந்துபோன சோப்பு நுரை மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "கும்பிடுபூச்சிக் கூடு. நம்ம வீட்டு எலுமிச்சையிலயே இருந்துச்சு."

அனிஷா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எட்டாம் வகுப்பு. ஆகஸ்ட் கடைசியில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. வீட்டிலேயே முட்டை பொரிக்க வைத்து, தினமும் பார்த்ததை நோட்டில் எழுதிக் காட்டப்போவதாக டீச்சரிடம் பேர் கொடுத்திருந்தாள்.

காபி கொண்டுவந்த டோரதி, "எத்தனை முட்டை இருக்கும் அதுல?" என்று கேட்டாள்.

"நூறு, எரநூறு இருக்கும்" என்று அனிஷா லிசியைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அனிஷா அகலவாய் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று கழுவி, உள்ளே குச்சியை நிறுத்தி, வாய்க்குக் கொசுவலைத் துண்டு கட்டி, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜுக்கு மேலே ஏற்றினாள். பாட்டிலில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது: 'ஆராய்ச்சி. யாரும் தொடக் கூடாது.'

வீட்டில் இருப்பதே மூன்று பேர். மார்ட்டின் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டுக்கு வந்தால் தன் டிபன் பாக்ஸைக்கூடத் தொட்டுக் கழுவ மாட்டார். யாரும் என்றால் யார் என்பதை டோரதி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

டோரதிக்கு முப்பத்தொன்பது வயது. மணப்பாறைப் பக்கம் பிறந்தவள். இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கச்சியையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கையில் தன்னுடைய வயது போயிருந்தது. பதினோரு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் வசீம் பாயின் ஜூஸ் கடையில் வேலை. காலையில் அன்னாசி சீவ உட்கார்ந்தால் அடுத்து மாதுளை உதிர்க்க வேண்டும், அடுத்து சாத்துக்குடி. விரல் இடுக்கெல்லாம் அன்னாசி அரித்துத் தோல் உரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடவில்லை. விட்டிருந்தால் அந்த வீட்டில் நாள் முழுக்க லூர்துமேரியின் கையெழுத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்படி டப்பா ஒவ்வொன்றிலும் உளுந்து, ரவை, சீனி என்று அவள் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஒருமுறை உளுந்து டப்பாவில் டோரதி பாசிப்பருப்பைக் கொட்டிவிட்டாள். அனிஷா அதை அப்படியே முறத்தில் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

கூப்பிடுவதற்கு ஒரு முறை வேண்டுமே என்று மார்ட்டின் ஆரம்பத்தில், "சித்தின்னு கூப்பிடு பாப்பா" என்று சொல்லிப் பார்த்தார்.

"எனக்குச் சித்தி தென்னூர்ல இருக்காங்க. ஒண்ணு போதும்" என்றாள் அனிஷா. அதோடு சரி. ஒன்றரை வருஷமாக எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்து நின்று, "டிபன் குடுங்க" என்பாள். ஆள் வீட்டில் இல்லாதபோது 'அது' என்பாள். இதை டோரதிக்குச் சொன்னது அடுத்த வீட்டுக்காரி.

டோரதியும் ஒன்றும் மாதா சொரூபம் இல்லை. சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பாள், ஆனால் கொக்கியில் மாட்டிவிடாமல் நாற்காலியில் போட்டுவிடுவாள். பிள்ளைக்குப் பிடிக்காது என்று தெரிந்த பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் பாகற்காய் வைத்தாள்.

ஆடி பிறந்து காற்று ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தட்டிலெல்லாம் புழுதி. ஒரு ஞாயிறு லிசி பேச்சை எடுத்தாள்.

"மாமா, எக்ஸிபிஷன் முடியட்டும். அதுக்கப்புறம் பாப்பா எங்க வீட்லேருந்தே ஸ்கூலுக்குப் போகட்டும். தென்னூர்லேருந்து நடந்தே போயிரலாம். இங்க இருந்து புள்ள இளைச்சுக்கிட்டே போறா. அக்கா இருந்திருந்தா இப்படிப் பாத்துக்கிட்டு இருப்பாளா?"

"பாக்கலாம் லிசி" என்றார் மார்ட்டின். அவர் வாழ்க்கையில் பாதி விஷயங்களுக்கு அதுதான் பதில்.

அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்த டோரதிக்கு எல்லாம் கேட்டது. போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஒரு டப்பாவில் தனக்குப் பிடித்ததைக் கொட்டி வைக்கலாம். அந்த நினைப்பு வந்ததில் அவளுக்கு வெட்கம்கூட வரவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரை அம்மாமண்டபத்துக்குப் போன கூட்டமெல்லாம் திரும்பும்போது ஜூஸ் கடையில்தான் நின்றது. டோரதி காலை ஆறு மணியிலிருந்து உட்காரவில்லை. அதற்கு ஈடாக வசீம் அடுத்து வந்த செவ்வாய்க்கிழமையை லீவாகக் கொடுத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை, அப்பாவும் மகளும் போன பிறகு, டோரதி துணி அலசிப் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கண்ணுக்கு நேரே ஏதோ ஆடியது.

கூடு கரைந்து ஒழுகுவது மாதிரிதான் முதலில் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். நுரையின் நடுக்கோட்டிலிருந்து மஞ்சளாகப் புழு மாதிரி ஒன்று பிதுங்கி வந்து, நூல் ஒன்றில் தலைகீழாகத் தொங்கியது. இரண்டு கரும்புள்ளிக் கண். அதன் பின்னால் இன்னொன்று, பத்து, இருபது. ஒன்றின் மேல் ஒன்று கொத்தாகத் தொங்கித் துடித்தன. கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

பூச்சி என்றாலே அவளுக்கு உடம்பு கூசும். ஆனாலும் நின்றாள். அரைமணி கழித்து அந்தப் புழுக்களுக்கு மெல்லிய தோல் உரிந்து கால் முளைத்தது. முன்னங்கால் இரண்டையும் மடக்கி, எறும்பளவில் ஒரு கும்பிடுபூச்சி. நூலைப் பிடித்து மேலே ஏறி, கொசுவலையின் ஓட்டை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

தானாக வெளியே வந்தது என்று சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள்? டோரதி அவசரமாக ஒரு ரவிக்கைத் துண்டை நனைத்துப் பிழிந்து பாட்டில் வாயில் இறுகக் கட்டினாள். வெளியே வந்தவை ஃப்ரிட்ஜ் மேல், சுவரில், சீனி டப்பாவில், லூர்துமேரி படத்தின் சட்டத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கையால் பிடித்தால் நசுங்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை தடவுகிற பிரஷ் அலமாரியில் இருந்தது. அதைக் கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றி இன்னொரு பாட்டிலில் தட்டினாள். ஸ்டூல் மேல் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. தண்ணீர்த் தட்டில் விழுந்த பன்னிரண்டு மட்டும் செத்துப் போயிருந்தன.

அனிஷாவின் நோட்டு பக்கத்திலேயே இருந்தது. பேனாவை எடுத்து தன் கோணல் எழுத்தில் டோரதி எழுதினாள்: '11.40க்கு ஆரம்பித்தது. முதலில் புழு மாதிரி நூலில் தொங்கியது. 12.10க்குக் கால் வந்தது. 1.15க்கு எல்லாம் ஓடின. தண்ணீரில் விழுந்து செத்தது 12.'

நாலரைக்கு அனிஷா வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் பாட்டில்களைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கல. அதுவா வந்துச்சு. நீ கட்டின வலையில ஓட்டை பெருசு."

"தொடக் கூடாதுன்னு எழுதி வச்சிருந்தேன்ல?"

"தொடலன்னா இப்ப வீடு முழுக்க ஓடிக்கிட்டு இருக்கும். பல்லி தின்னுருக்கும்."

"தின்னா தின்னுட்டுப் போவுது! ஒரு மாசமா நான் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன். நீங்க பாக்கணும்னு யாரு கேட்டா?" என்றவள் பிரஷைக் கண்டுவிட்டாள். அதைக் கையில் எடுத்தாள். "இது எங்க அம்மா பிரஷ்."

"கழுவி வைக்கிறேன்."

"என் நோட்ல ஏன் எழுதுனீங்க?"

"நேரம் குறிக்கணும்னு அன்னிக்கு உங்கப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்த. காதுல விழுந்துச்சு. குறிச்சேன்."

அனிஷா அந்தத் தாளைக் கிழித்து, இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். காலையிலிருந்து செய்த வேலையெல்லாம் வீண் என்று டோரதிக்குத் தோன்றியது. பல்லிக்கே விட்டிருக்கலாம்.

எண்ணிப் பார்த்ததில் நூற்று நாற்பத்தாறு இருந்தன. மறுநாள் நூற்றுப் பத்து. அதற்கு மறுநாள் எழுபத்துச் சொச்சம். பசியில் ஒன்றையொன்று பிடித்துத் தின்றன. தன்னைவிடச் சற்றே சின்னதை இரண்டு முன்னங்காலாலும் அணைத்துப் பிடித்து, தலையிலிருந்து ஆரம்பிக்கும். லிசி போனில் சொன்னபடி அனிஷா முட்டை மஞ்சக்கரு வைத்தாள், சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். உயிரோடு அசையாத எதையும் அவை திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து அனிஷா அழுதாள். டோரதி வருவது தெரிந்ததும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று கடையில் அன்னாசித் தோல் கொட்டும் வாளியைத் தூக்கும்போது குபீரென்று சின்ன ஈக்கள் கிளம்பி முகத்தில் மோதின. அழுகல் பழத்தில் மொய்க்கிற, கடுகைவிடச் சின்ன ஈ. பதினோரு வருஷமாக விசிறி விரட்டிய ஈ. டோரதி வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பாட்டிலில் கனிந்த வாழைப்பழத்தைப் போட்டு வாளிக்குள் சாய்த்து வைத்தாள்.

"என்னக்கா, ஈ வளர்க்குறீங்களா?" என்று வசீம் சிரித்தார்.

"வீட்ல கேட்டாங்க பாய்."

"ஈயவா?"

"அப்புறம் சொல்றேன். ஸ்ட்ரா மூடி போட்ட கிளாஸ் ஒரு அம்பது எடுத்துக்கவா?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே டோரதி ஈ பாட்டிலையும் பிளாஸ்டிக் கிளாஸ்களையும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். காலையில் பார்த்தால் ஒரு கிளாஸுக்கு ஒரு பூச்சி, ஸ்ட்ரா ஓட்டையில் பஞ்சு, உள்ளே நாலைந்து ஈ. முப்பத்தொன்று மிஞ்சியிருந்தன. காலியான ஈ பாட்டில் டோரதியின் டிபன் பைக்குப் பக்கத்தில் நின்றது. அதுதான் கோரிக்கை. நன்றியும் அதற்குள்ளேயே இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் இப்படியே நடந்தது. வீட்டுக்குத் திரும்பும் சத்திரம் பஸ்ஸில் மடியில் ஈ பாட்டிலோடு உட்கார்ந்து வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். வீட்டில் பேச்சு என்னவோ முன்னை மாதிரிதான். ஒருநாள் ஈ குறைவாக இருந்ததற்கு, "இது எத்தனை நாளைக்கு வரும்?" என்று அனிஷா சுவரைப் பார்த்துக் கேட்டாள். "உனக்குத் தெரிஞ்ச வேற கடையில வாங்கிக்க" என்றாள் டோரதி.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை வந்தது. முதல்நாள் கடையில் ஈ சரியாகச் சேரவில்லை. பூச்சி பட்டினியோடு இருந்தால் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சுணங்கிக் கிடக்குமே என்று டோரதிக்கு இருந்தது. காலையில் வாளியில் ஈ பிடித்துக்கொண்டு வசீமிடம் இரண்டு மணி நேரம் கேட்டாள்.

"சனிக்கிழமையிலயாக்கா கேப்பீங்க?" என்றார். ஆனாலும் விட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஹாலுக்குள் நுழைந்தபோது அவள் சேலையில் அன்னாசிச் சாறு காய்ந்திருந்தது. அனிஷாவின் மேஜையில், அதுவரை பிழைத்த பதினைந்து பூச்சியும் கிளாஸ்களில் வரிசையாக இருந்தன. பின்னால் லிசி, கஞ்சி போட்ட காட்டன் சேலையில், அம்மாக்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். நடுவராக வந்திருந்த செபஸ்தியான், விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஒரு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வளர்த்திருக்கேம்மா. தீனி எங்க கிடைக்குது?"

அப்போதுதான் டோரதி பாட்டிலோடு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"இவங்க கொண்டு வருவாங்க சார்" என்றாள் அனிஷா.

"இவங்க யாரு?"

அனிஷா ஒரு நொடி லிசியைப் பார்த்தாள். சுற்றிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள். "எங்க வீட்ல வேலை செய்றவங்க சார். ஜூஸ் கடையிலயும் வேலை செய்வாங்க."

லிசி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. டோரதி பாட்டிலை மேஜையில் வைத்தாள். காது இரண்டும் சுட்டன.

செபஸ்தியான் நோட்டைப் புரட்டினார். "காலை ஆறு மணிக்குப் பொரிந்தது. நான் நேரில் பார்த்தேன்னு எழுதியிருக்க. பாத்தப்ப எப்படி இருந்துச்சு?"

"குட்டிக் குட்டியா ஓடி வந்துச்சு சார்."

"வந்தவுடனேயே ஓடுச்சா?"

"ஆமா சார்."

"கூட்டை விட்டு வரும்போது கால் விரிஞ்சிருந்துச்சா?"

அனிஷா ஒரு கிளாஸை நகர்த்தி வைத்தாள். நடுவர் கோபக்காரர் இல்லை. விவரத்தைத் தோண்டுகிற ஆசையில் டோரதி பக்கம் திரும்பினார். "நீங்க வீட்ல இருப்பீங்களே, நீங்க பாத்தீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல நேரமும் இருந்தது.

"பாத்தேன் சார். பதினொன்னே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. காலெல்லாம் இல்ல. புழு மாதிரி வந்து நூல்ல கொத்தாத் தொங்குச்சு. தோல் உரிஞ்ச பிறகுதான் கால் வந்துச்சு. அதுக்கே அரைமணி ஆச்சு. இவ அப்ப ஸ்கூல்ல இருந்தா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம், நான் வேலைக்காரி இல்ல சார். இவ அப்பாவுக்கு நான் பொண்டாட்டி."

பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. செபஸ்தியான் நோட்டை மூடி வைத்தார். "பாக்காததைப் பாத்தேன்னு எழுதக் கூடாதும்மா. மத்ததெல்லாம் நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மூன்று பரிசில் ஒன்றும் அனிஷாவுக்கு வரவில்லை.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் டோரதி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மை என்பதற்காகச் சொல்லவில்லை, வலிக்கட்டும் என்று சொன்னாள். அது அவளுக்கே தெரிந்தது. காவிரிப் பாலம் வரும்போது பதிமூன்று வயசுப் பிள்ளையின் கழுத்தைத் திருகிவிட்டு வந்த மாதிரி இருந்தது. கடையில் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. நாலு மணி வெயில். மார்ட்டின் ஒர்க்‌ஷாப் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். லிசி நடுவீட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் புள்ளய அத்தனை பேர் முன்னால அசிங்கப்படுத்தியிருக்காங்க மாமா. ஒரு பொம்பளைக்கு வர்ற புத்தியா இது? இனிமே ஒரு நாளு நான் இங்க விட மாட்டேன். பாப்பா, துணிய எடு."

"ஏன் டோரதி இப்படிப் பண்ணின?" என்றார் மார்ட்டின். "ஒரு வார்த்தை பொறுத்துக்கிட்டா என்ன?"

"வேலைக்காரின்னு சொன்னதையா?"

"புள்ள தெரியாமச் சொல்லிருச்சு."

"தெரிஞ்சுதான் சொன்னா. நானும் தெரிஞ்சுதான் சொன்னேன். அவளுக்கு என்னைப் பிடிக்கல, எனக்கும் அவளைப் பெருசாப் பிடிக்கல. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்." டோரதி லிசியிடம் திரும்பினாள். "நீங்க பெரியவங்க. பக்கத்துலதான நின்னீங்க?"

"என்னை ஏன் இழுக்குறீங்க?"

அனிஷா உள்ளே இருந்து ஒரு பையோடு வந்தாள். இன்னொரு கையில் கிளாஸ்களை அடுக்கிய அட்டைப்பெட்டி.

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் லிசி. "எக்ஸிபிஷன்தான் முடிஞ்சு போச்சுல்ல. கொல்லையில கொட்டிட்டு வா. நம்ம வீட்ல பூச்சிக்கெல்லாம் இடமில்ல பாப்பா."

அனிஷா நகரவில்லை. ஆட்டோக்காரர் வெளியே ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"ஏன் சித்தி சிரிச்சீங்க?"

"என்னது?"

"நான் பொய் சொன்னப்ப. நீங்க என்னை அதட்டுவீங்கன்னு பாத்தேன். சிரிச்சீங்க."

"நான் எங்கடி சிரிச்சேன்? பாருங்க மாமா, புள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு."

"யாரும் சொல்லிக் குடுக்கல." அனிஷா பெட்டியைத் தரையில் வைத்தாள். "அப்பா, ஆறு மணின்னு நான்தான் பொய்யா எழுதுனேன். அவங்க சரியா நேரம் குறிச்சு வச்சிருந்தாங்க. கிழிச்சுப் போட்டுட்டேன். நான் வரல சித்தி."

லிசி இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள். அக்காளின் படத்தைக் காட்டி அழுதாள். இந்த வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள். மார்ட்டின் வாசல்வரை போய் நின்றவர் திரும்பி வரவில்லை. அங்கேயே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டோரதி முகம் கழுவிக்கொண்டு வந்து அடுப்படியில் குழம்பைச் சுட வைத்தாள். மதியம் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, காலை அவசரத்தில் வைத்தது. பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

"இதுக்காக உங்கள எனக்குப் பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள் அனிஷா.

"நினைக்கல."

"ஹால்ல நீங்க பண்ணுனது தப்பு."

"தப்புதான். நீ பண்ணுனதும்."

அனிஷா தட்டு எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டு, குழம்பு ஊற்றிக்கொண்டு, வழக்கமாக டிவி முன்னால் போகிறவள் அடுப்படித் தரையிலேயே கால் மடக்கி உட்கார்ந்தாள். டோரதியும் தனக்கு ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். இருவருக்கும் நல்ல பசி. இரண்டு வாய் உள்ளே போன பிறகு அனிஷா முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு ஜாஸ்தி."

"தெரியும். அவசரத்துல ரெண்டு தடவை போட்டுட்டேன். சோத்தக் கூடப் போட்டுப் பிசை."

அனிஷா எட்டிச் சோற்றுப் பானையை இழுத்து, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.